கண்ணுக்கு மறையும் வரை

யுனோசாவா வெந்நீர் ஊற்று விடுதியில் மிட்சுயோவுக்கு இது முப்பத்தோராவது குளிர்காலம். அறைக்குச் சாப்பாடு கொண்டுபோவது, மெத்தை விரிப்பது, புறப்படும் விருந்தாளியை வாசலில் நின்று வழியனுப்புவது அவள் வேலை. வழியனுப்புவதென்றால் சும்மா தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவதல்ல. பாலம் தாண்டி வளைவில் ஆள் மறையும் வரை குனிந்தும் கையசைத்தும் நிற்க வேண்டும். மழையோ பனியோ, மிட்சுயோ ஒரு நாளும் முதலில் முதுகைக் காட்டியதில்லை. இதெல்லாம் ஒரு பெருமையா என்றால், எங்கள் ஊரில் பெருமைதான்.

நான்கு வருடம் முன்பு, இலைகள் சிவந்து விடுதி நிரம்பி வழிந்த ஒரு காலையில், அவள் மகன் ஷூஜி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போனான். மிட்சுயோ வாசலில் யாரோ டோக்கியோக்காரர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தான்.

"யார் யாரையோ கண்ணுக்கு மறையற வரைக்கும் பாக்கறே. எனக்காக ஒரு நிமிஷம் திரும்பிப் பாக்கலையேம்மா."

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. போன வாரம்தான் கூப்பிட்டான்.

"வடக்கே ஹொக்கைடோவுல வேலை கிடைச்சிருக்கு. சனிக்கிழமை பத்தரைக்கு ஜங்ஷன்ல வண்டி மாறுவேன். பத்து நிமிஷம் இருக்கும். முடிஞ்சா வா."

எங்கள் ஊரிலிருந்து ஜங்ஷனுக்கு ஒன்பதரை வண்டியை விட்டால் அடுத்தது மதியம்தான்.

சனிக்கிழமை முதல் பனி விழுந்தது. அதே வண்டிக்கு ஒரு பிரேசில் தம்பதி புறப்பட்டார்கள். நல்ல மனிதர்கள். மூன்றே நாளில் எங்கள் பழக்கமெல்லாம் கற்றுக்கொண்டார்கள், தேவைக்கு மேலேயே. பாலத்தின் நடுவில் நின்று திரும்பிக் குனிந்தார்கள். மிட்சுயோ குனிந்தாள். அவர்கள் இன்னும் தாழக் குனிந்தார்கள். அந்த அம்மாள் நிற்கும்போது நாம் போவது மரியாதையில்லை என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். விருந்தாளி கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும் வரை இவளும் நகர முடியாது. தொல்லைதான்.

உள்ளேயிருந்து முதலாளியம்மா கயோகோ எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, மணி ஒம்பது இருபது. இப்படியே மாத்தி மாத்திக் குனிஞ்சா நாளைக்கும் இங்கதான் நிப்பீங்க."

"அவங்க இன்னும் மறையலையே அக்கா."

"உன் பிள்ளை மறைஞ்சிடுவான்."

மிட்சுயோ திரும்பினாள். முதுகு கூசியது. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல், மகனுக்காகக் கட்டி வைத்த சோற்று உருண்டைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்வழியாக ஸ்டேஷனுக்கு ஓடினாள். அவள் முதுகைப் பார்த்த பிறகுதான் தம்பதியும் ஓடியிருக்கிறார்கள். மூச்சு வாங்க அவள் ஏறிய பெட்டியிலேயே ஏறி, அவளைக் கண்டதும் எழுந்து குனிந்தார்கள். அவளும் எழுந்து குனிந்தாள்.

ஜங்ஷனில் ஷூஜி இளைத்திருந்தான். அவள் ஏப்ரனை மேலும் கீழும் பார்த்தான். பத்து நிமிடத்தில் பாதி, கம்பளிக் கையுறை எடுத்துக்கொண்டானா, சாப்பிட்டானா என்பதிலேயே போயிற்று.

"வாசல்ல விருந்தாளிங்க நின்னாங்களாம்மா?"

"நின்னாங்க. விட்டுட்டு வந்துட்டேன்."

அவன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஏறினான். வண்டி நகர்ந்தது. மிட்சுயோ கையை உயர்த்தினாள். தங்கள் வண்டிக்குக் காத்திருந்த பிரேசில் தம்பதி, போவது யாரென்றே தெரியாமல், அவள் பக்கத்தில் வந்து வரிசையாக நின்று கையசைத்தார்கள். ஷூஜி ஜன்னலுக்குள் எழுந்து நின்று மூவருக்கும் குனிந்தான். உட்காரவேயில்லை.

கடைசிப் பெட்டி வளைவில் மறைந்தது. பிரேசில்காரி கையை இறக்கினாள். மிட்சுயோ இறக்கவில்லை.