ஜபோடிகாபா பூத்த வருஷம்

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். ஊசி ஏறியதே தெரியாது. அவ்வளவு பதமான கை. அவருடைய நாற்பதாவது வயதில், வெளிநாடு போய்வந்த சித்தி மகள் நான்கு பழங்கள் கொண்டுவந்து கொடுத்தாள். பார்க்கக் கறுப்புத் திராட்சை போலிருந்தன. பெயர் ஜபோடிகாபா. கிளையில் இல்லாமல் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்குமாம்.

“கொட்டை காய்ஞ்சா முளைக்காதாம்டி” என்று அக்கா அன்றைக்கே சதையைக் கழுவி நீக்கி, கொட்டைகளைத் தயிர் டப்பாக்களில் ஊன்றிவிட்டார். ஒன்பதில் ஆறு முளைத்தன. வளர்ந்ததும் தொட்டிகளுக்கு மாறி மொட்டை மாடிக்குப் போயின.

இரண்டாம் வருஷம் இலைகள் வெளுத்தன. மண்ணை மாற்றினார், உரத்தை மாற்றினார். இரண்டு செடிகள் போயே போய்விட்டன. ஒருநாள் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்திருந்த வெள்ளை உப்பைச் சுரண்டும்போதுதான் உறைத்தது: குழாய்த் தண்ணீர்தான் எமன். மறுநாளிலிருந்து பரிசோதனைக் கூடத்து ஏசியில் சொட்டும் தண்ணீரை ஐந்து லிட்டர் கேனில் பிடித்து, பஸ்ஸில் வீட்டுக்குத் தூக்கிவந்தார்.

“கேனுக்கும் டிக்கெட் எடுக்கணும்க்கா” என்று கண்டக்டர் கேலி செய்வார். அக்கா சிரித்துக்கொண்டே கேனை மடியில் வைத்துக்கொள்வார். புதுத் துளிர் பச்சையாகவே வந்தது.

எட்டாம் வருஷம் வாடகை வீட்டின் சொந்தக்காரர் வந்தார். “மாடி ஒழுகுதும்மா. தொட்டியெல்லாம் எடுத்துடுங்க. எட்டு வருஷமா இலையத் தவிர ஒண்ணையும் காணோமே!”

அன்று ராத்திரி அக்கா மாடிக்குப் போய், தொட்டிகளுக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவர்தான் சொன்னார்: “ஆஸ்பத்திரியிலயே கேட்டுப் பாரேன். தண்ணிய இங்க சுமக்கறதுக்கு, செடிய அங்க சுமந்துடலாம்.”

பெரிய டாக்டர் பின்சுவர் ஓரம் இடம் கொடுத்தார். இருவரும் நான்கு செடிகளையும் ஒரு சின்ன வேனில் ஏற்றி, குலுங்காமல் அணைத்துப் பிடித்தபடியே வந்து சேர்ந்தார்கள்.

பதினோராம் வருஷம் ஒரு காலையில் காவலாளி ஓடிவந்தார். “அக்கா, மரம் பூரா வெள்ளையா பூஞ்சை! மருந்தடிக்கச் சொல்லிட்டேன்.”

அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினார். தெளிப்பான் ஏற்கெனவே ஒருவர் முதுகில் ஏறியிருந்தது. ஒரு மரத்தின் அடியிலிருந்து கிளை வரை பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளை.

“அடிக்காதீங்க! பூ அது, பூ!”

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். மயக்கம் போட்டுவிட்டார் என்று நினைத்து நர்ஸ் ஒருத்தி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ஒரு மாதத்தில் முப்பத்தொரு பழங்கள் கறுத்தன. முதல் பழம் காவலாளிக்கு. அவர் கண்ணை மூடி மென்றார்.

“தோல் லேசாத் துவர்க்குது. உள்ள சர்க்கரை. இதுக்கா அக்கா பதினோரு வருஷம்?”

“ஆமா. கொட்டைய மட்டும் கடிச்சிடாதீங்க” என்று அக்கா உள்ளங்கையை நீட்டினார்.