பழைய சுருளின் எடை

நாசரேத்தில் பிறந்த ஜெயஷீலாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் ஐந்தாவது வருடமாக முனைவர் பட்டத்துக்கு லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி. எதிர்மின்வாயில் வழக்கமாக இருக்கும் கிராஃபைட்டுக்குப் பதிலாக, இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைப் பனங்கொட்டை ஓட்டுக் கரியில் பொதிந்து, தாமிரத் தாளில் பூசிப் பார்த்தாள். இரும்பு ஆக்சைடு லித்தியத்தை நிறையப் பிடித்துவைக்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது உப்பி, இறங்கும்போது சுருங்கி, கடைசியில் நொறுங்கிவிடும். நொறுங்காமல் தாங்கத்தான் கரி.

திறன் கிராமுக்கு எண்ணூற்று இருபது மில்லிஆம்பியர்-மணி வந்தது, கிராஃபைட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல். கட்டுரையைப் பெரிய ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. நெறியாளர் பால்துரை துறை முழுக்க லட்டு கொடுத்தார்.

மறுவாரம் புதிதாகப் பேட்டரி செல் செய்ய உட்கார்ந்தவள், பூச்சில்லாத தாமிரத் தாள் ஒன்றைச் சும்மா தராசில் வைத்தாள். நோட்டில் எழுதியிருந்ததைவிட எடை குறைவாகக் காட்டியது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் அப்படியே. நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

பூசிய தாளின் எடையில் வெறும் தாளின் எடையைக் கழித்துத்தான் பூச்சு எவ்வளவு என்று கண்டுபிடிப்பாள். அவள் கழித்ததெல்லாம் பழைய தாமிரச் சுருளில் வெட்டிய தாளின் எடை. போன வருடம் வாங்கிய புதுச் சுருள் மெல்லிசு. அப்படியானால் பூச்சு அவள் எழுதியதைவிட அதிகம், திறன் குறைவு. திரும்பக் கணக்குப் போட்டாள். அறுநூற்றுப் பத்து.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.  துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவன் பிரைட்டன் மத்தியானச் சாப்பாட்டில் கேட்டான்.

"ஏளா, சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருக்க. என்னாச்சு?"

சொன்னாள்.

"வேற யாருக்கும் தெரியுமா?"

"தெரியாது. அதுதான் பயமா இருக்கு."

"அப்ப சார்ட்ட இன்னைக்கே சொல்லிரு. நாளாச்சுன்னா வாயே வராது."

பால்துரை அவளுடைய நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"என் தப்பு சார். புதுத் தாள நான் எடை போடல."

"அந்த நம்பர மூணு கருத்தரங்குல சொல்லிட்டனேம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

 நான்காம் நாள், கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அனுப்புமுன் அவளிடம் நீட்டினார். பிழை எங்கள் குழுவினுடையது என்று எழுதியிருந்தது. அவள் பெயரைத் தனியாகச் சொல்லவில்லை.

ஒவ்வொரு தாளையும் எடை போட்டு எல்லாச் செல்களையும் மறுபடி செய்ய நான்கு மாதம் ஆனது. திறன் கூடவில்லை. ஆனால் முந்நூறு தடவை ஏற்றி இறக்கியும் பூச்சு நொறுங்கவில்லை. கட்டுரை சின்ன இதழ் ஒன்றில் வந்தது. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

இப்போது சாத்தான்குளம் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். பிரைட்டன் அந்தத் திரும்பப் பெற்ற கட்டுரையின் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறாள்.