விருமாண்டி போட்ட நோட்டு மாலை

எங்கள் எதிர்வீட்டு விருமாண்டி அண்ணன் சமயநல்லூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சிமெண்ட், வாழைத்தார், வீடு மாறுகிறவர்களின் கட்டில் என்று எதை ஏற்றினாலும் இறக்கி வைப்பதும் அவர்தான். பெரிய வயதில்லை. ஆனால் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க யோசிப்பார்.

அவருடைய தங்கை முத்துமீனா கீழக்குயில்குடியில் வாழ்க்கைப்பட்டவர். போன ஆவணியில் முத்துமீனாவின் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் போடும் நோட்டு மாலையை ஊரே பார்க்கும். அண்ணன் வங்கியில் புது ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வாங்கி மாலை கட்டிப் போட்டார்.

அந்த வாரம் எல்லார் போனிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது: நோட்டில் அச்சடித்த எண்ணுக்கு நடுவில் நட்சத்திரம் இருந்தால் அது கள்ள நோட்டு. பந்தலில் ஒருவர் மாலையைத் தூக்கிப் பார்த்து, "ஏப்பா, இதுல நட்சத்திரம் இருக்குப்பா!" என்றார்.

"மாமன் ஆட்டோவுல சிமெண்டு மட்டுந்தான் ஏத்துறாருன்னுல்ல நெனச்சோம்" என்று இன்னொருவர் சிரித்தார்.

முத்துமீனாவின் கணவர் உக்கிரபாண்டி பயந்துபோய், பிள்ளை கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டார். அண்ணன் சாப்பிடாமல் வண்டியை எடுத்தார்.

தாய்மாமன் சீரைத் திருப்பிக் கொடுத்தால், எங்கள் பக்கம், உறவு வேண்டாம் என்று அர்த்தம். அதன்பிறகு தங்கை வீட்டிலிருந்து போன் வரவில்லை. அண்ணனும் பேசவில்லை. மாலையைப் பிரிக்கவும் இல்லை, ஆணியில் தொங்கவிட்டிருந்தார்.

மதுரையில் ஜரிகைக் கடை வைத்திருக்கும் துளசிராம் விதவிதமான நோட்டுகளைச் சேர்ப்பவர். கள்ள நோட்டு என்று எங்கே பேச்சுக் கிளம்பினாலும் அவரைப் போன்றவர்கள் நேரில் போய்ப் பார்த்து, உண்மையைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவார்கள். நோட்டு மாலைக் கதை காதில் விழுந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு தாளாக லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"அச்சுல கெட்டுப்போன தாளுக்குப் பதிலா அடிக்கிறதுக்குத்தான் நட்சத்திரம் போடுவாங்க. அசல் நோட்டுதாண்ணே. ஆனா இப்படிக் குண்டூசி குத்திட்டாங்களே!" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். "பரவால்ல, எனக்கு ரெண்டு தாள் குடுங்க."

"பிரிக்க முடியாதுங்க. அது பிள்ளையோடது. நீங்க அங்க வந்து ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க."

லோடு ஆட்டோவிலேயே கீழக்குயில்குடிக்குப் போனார்கள். துளசிராம் சொன்னதைக் கேட்டு உக்கிரபாண்டி தலைகுனிந்தார்.

"எனக்கும் சந்தேகந்தான் மச்சான். அம்புட்டுப் பேரு பேசவும் பயந்துட்டேன். குடுங்க, உள்ள வைக்கிறேன்" என்று கையை நீட்டினார்.

"கையில குடுக்கவா வந்தேன், மாப்ள? கழட்டுன கழுத்துலதான் போடணும்."

முத்துமீனா பிள்ளையைக் கூட்டிவந்தார். பந்தல் இல்லை, மைக் இல்லை, பார்க்க ஊரும் இல்லை. அண்ணன் பிள்ளையை மடியில் உட்காரவைத்து மாலையைப் போட்டார்.

"மாமா, குத்துது."

"செத்த பொறுத்துக்க, தாயி."

"சாப்புடுறியாண்ணே?" என்றார் முத்துமீனா.

அண்ணன் சுவரில் சாய்ந்தார். "போடு. அன்னைக்கே சாப்புட வேண்டியது."