மெஷின் பழுதான அன்று கொடுத்த தன்சல்

இரத்மலானை ஐஸ்கிரீம் ஃபேக்டரியில் நான் ஜெனரல் மேனேஜராகப் பொறுப்பேற்ற காலை, கையிலிருந்த பூச்செண்டை மேசையில் வைக்கவும் நேரம் கிடைக்கவில்லை. எஞ்சினியர் ஃபாரூக் ஓடி வந்தார்.

"மிஸ், கோல்ட் ரூம் கம்ப்ரஸர் ஜேம் ஆகிட்டுது. பார்ட் வர நாளைக்கு ஆகும்."

"சரக்கு எவ்வளவு நேரம் தாங்கும்?"

"கதவத் தொறக்காம வெச்சா பின்னேரம் வரைக்கும் கட்டியா ஈக்கும். அதுக்குப் பொறகு சொல்லேலா."

கிளார்க்காகச் சேர்ந்து, பிளானிங், மார்க்கெட்டிங் என்று ஏறி வந்தவள் நான். அந்த நாற்காலியில் அதுவரை ஒரு பெண் இருந்ததில்லை. அதில் தான் இருக்கப்போவதாக நம்பியிருந்தவர் சேல்ஸ் மேனேஜர் செல்வரத்தினம். அவர் நிதானமாகச் சொன்னார்: "மிஸ், உருகினால் உருகட்டும். நாளைக்குத் திருப்பி ஃப்ரீஸ் பண்ணி அனுப்புவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"சாப்பிடுற பிள்ளையின்ர வயித்துக்குத் தெரியும்" என்றேன்.

கடை ஓடர்களை ஃப்ரீஸர் லொறிகளில் ஏற்றி அனுப்பினோம். சீசன் என்பதால் வெளிக் கோல்ட் ஸ்டோர்களில் இடமே இல்லை. மிச்சமிருந்த ஐஸ்கிரீம் டப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், கொட்டாஞ்சேனையில் அன்று மாதா கோயில் திருநாள் என்பது நினைவுக்கு வந்தது. அங்கே கொண்டுபோய்க் கொடுக்க எல்லாவற்றையும் ஐஸ் பெட்டிகளில் அடுக்கச் சொன்னேன்.

டிரைவர் சுனில் வாயைப் பிளந்தார். "நோனா, ஒக்கொம நிகங்த?" எல்லாம் இலவசமா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒவ், ஒக்கொம!" ஆமாம், எல்லாமே என்றேன்.

செல்வரத்தினம் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் லொறியில் ஏறினார். "மெஷின் பழுதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ மிஸ். பேர் கெட்டுப்போகும். புரமோஷன் எண்டு சொல்லுவம்."

கோயிலடியில் கூட்டம் அலைமோதியது. ஆனால் நாங்கள் போட்ட மேசைப்பக்கம் யாரும் வரவில்லை. ஒரு அம்மா மட்டும் தள்ளி நின்று கேட்டார்: "ஏன் பிள்ளை சும்மா குடுக்கிறியள்? டேட் போனதோ?"

செல்வரத்தினம் என்னைப் பார்த்தார். முதல் நாளே கம்பனியின் பெயரைக் கெடுத்தவள் என்று ஆகிவிடுவேனோ?

"இல்லை அக்கா. எங்கட ஃபேக்டரியில மெஷின் பழுதாப் போச்சு. இது இன்னும் கட்டியாத்தான் இருக்கு. உருகினால் பிறகு விக்கமாட்டம். அதுக்கு முதல் நீங்கள் சாப்பிடுங்கோ." சொல்லிவிட்டு ஒரு டப்பைத் திறந்து முதல் கரண்டியை நானே வாயில் போட்டேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "உண்மையைச் சொல்லுற கம்பனியை இண்டைக்குத்தான் பாக்கிறன். ரெண்டு கப் தாங்கோ!"

அவ்வளவுதான். கோயில் பாதர் இதை மைக்கிலேயே அறிவித்தார். பாண்ட் வாசித்தவர்கள் ட்ரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். செல்வரத்தினம் சேர்ட் கையை மடித்து, டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, "தள்ளாதேங்கோ, எல்லாருக்கும் இருக்கு!" என்று கத்திக் கத்தி அள்ளிக் கொடுத்தார். அவருடைய மீசையெல்லாம் வனிலா.

அந்த நேரம் பார்த்து சேர்மனிடமிருந்து போன் வந்தது.

"கம்பனி நடத்தச் சொன்னால் நீர் தன்சல் நடத்திறீராம்?" வெசாக் பண்டிகைக்குத் தெருவில் பந்தல் போட்டு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சலைத்தான் சொன்னார்.

போனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தேன். பிள்ளைகளின் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"சரி சரி" என்றார். "மாம்பழ ஃப்ளேவர் மிஞ்சினால் எனக்கு ஒண்டு எடுத்து வையும்."

மிஞ்சவில்லை.

கம்ப்ரஸர் மறுநாள் ஓடியது. அந்தக் கோயில் தெருக் கடைக்காரர் சிலர் தாங்களாகவே வந்து எங்கள் சரக்கைக் கேட்டார்கள். செல்வரத்தினம் ஓய்வுபெறும்வரை என்னோடு வாதாடிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் எந்தத் தீர்மானத்திலும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

இப்போது மேனேஜராக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் ஏதுமில்லை. கெட்ட செய்தியை அடுத்தவர் வாயில் விடாதீர்கள், நீங்களே சொல்லுங்கள். சொன்ன கையோடு கரண்டியை எடுத்துப் பரிமாறத் தொடங்குங்கள்.