அப்பாவின் சட்டைப் பொத்தானும் என் தோடும்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்துப் பெண்களில் பாதிப்பேர் காதில் ஈர்க்குச்சிதான். தங்கமெல்லாம் அரிசியாக மாறி வயிற்றுக்குள் போய்விட்டது. துளை தூர்ந்துவிடாமல் இருக்கத் தென்னை ஈர்க்கைச் சின்னதாக நறுக்கிச் செருகிக்கொள்வோம். அதற்காக யாரும் வெட்கப்பட்டதில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மட்டும்தான் வீட்டில் கலவரம்.

எனக்கு அப்போது பதினெட்டு. கல்யாணமான ஆம்பளைகளைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியிருந்தது. அதை நம்பி ஊரெல்லாம் அவசரக் கல்யாணங்கள். பாக்கார் ஆராங் பக்கம் சின்ன மளிகைக் கடை வைத்திருந்த ஒரு விதவை அம்மா, தன் மகனை அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

எங்கள் வீட்டில் அப்பாவின் அக்கா இருந்தாள். வடக்கே ஜித்ராவில் சண்டை வந்தபோது கையில் ஒரு மூட்டையோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அந்த மூட்டையில் ஒரு ஜோடி பித்தளை ஜிமிக்கி இருந்தது. யார் முகத்துக்கு எந்தக் கம்மல் எடுக்கும் என்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அத்தையின் நம்பிக்கை.

"வட்ட முகத்துக்குத் தொங்குற நகைதான் அழகு. இவ முகம் பூரண சந்திரன். ஜிமிக்கியைப் போடுங்க," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

போட்டார்கள். எங்களிடம் இருந்தது உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றுதான். ஒரு தடவைக்கு ஒரு காதுதான் தெரியும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். முருங்கைக்காயில் மணி கட்டித் தொங்கவிட்டதுபோல் இருந்தது.

"அத்தை, நல்லா இல்லை."

"உனக்கென்னடி தெரியும்? நீ பொறந்தப்பவே உன் முகத்தைப் பாத்தவ நான்!"

"அண்ணி, அது பொறந்தப்ப," என்றாள் அம்மா. "ரெண்டு வருஷமா மரவள்ளிக்கிழங்கைத் தின்னு தின்னு கன்னம் எங்க இருக்கு அவளுக்கு? முகம் நீண்டு போச்சு."

அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அம்மா ஒரு நூலை எடுத்து என் நெற்றியிலிருந்து மோவாய்வரை அளந்தாள். பிறகு அதே நூலைக் கன்னத்துக்குக் கன்னம் பிடித்தாள். நூல் ஏகத்துக்கு மிஞ்சித் தொங்கியது.

"கழுத்தையும் சேத்து அளந்துட்ட," என்று அத்தை நூலைப் பிடுங்கித் தானே அளந்தாள். என் மூக்கை ஒரு விரலால் அமுக்கிக்கொண்டுகூட அளந்து பார்த்தாள். நூல் அப்போதும் மிஞ்சியது. நூலைக் கீழே போட்டுவிட்டு, "அதான் நான் சொல்றேன், நீள முகத்துக்கு வட்டத் தோடுதான் வேணும்," என்றாள், முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவள்போல.

வட்டத் தோட்டுக்கு எங்கே போவது? அப்பா ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து வட்டமாக வெட்டினார். வாசல் சிமிண்டில் தேய்த்துத் தேய்த்துத் தேங்காயெண்ணெய் தடவினார். கன்னங்கரேலென்று பளபளத்தது. பின்னால் செம்புக்கம்பி வைத்து முறுக்கினார்.

"கறுப்புப் பொண்ணுக்குக் கறுப்புத் தோடா? இருக்கிற இடமே தெரியாதே!" என்றாள் அத்தை. "நடுவுல வெள்ளையா ஏதாவது மின்னணும்."

மின்னக்கூடியது எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான்: அப்பாவின் கல்யாணச் சட்டையில் இருந்த சிப்பிப் பொத்தான்கள். அத்தை மேலிருந்து இரண்டை அறுத்தாள். அப்பா பாவம், மிச்சப் பொத்தான்களை எண்ணிப் பார்த்துக்கொண்டார். தோட்டின் நடுவில் பொத்தானை வைத்துக் கட்டியதும், சத்தியமாகச் சொல்கிறேன், என் முகமே மாறிவிட்டது. கன்னம் இருப்பதுபோல் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை, டயருக்குப் பதில் ரப்பர்க் குழாய் சுற்றிய ஒரு சைக்கிளில், மகன் மிதிக்க அம்மா பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார்கள். அந்த அம்மா முந்தானையை இழுத்துத் தலையையும் காதையும் மூடியிருந்தார். அப்பாவிடம் வேறு நல்ல சட்டை இல்லாததால் அந்தக் கல்யாணச் சட்டையையேதான் போட்டிருந்தார். மேலே பொத்தான் இல்லை. ஆகவே இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டே நின்றார்.

"உக்காருங்கண்ணே, எதுக்கு இவ்வளவு மரியாதை?" என்றார் அந்த அம்மா.

"பரவாயில்லம்மா," என்று அப்பா இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

வறுத்த சோளத்தில் போட்ட காப்பியை நான் கொண்டுவந்தேன். அந்த அம்மா என் காதையே பார்த்தார். தட்டு என் கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பா தட்டைப் பிடிக்கக் கையை நீட்டினார், சட்டை விரிந்தது. அந்த அம்மாவின் பார்வை அப்பாவின் சட்டைக்குப் போய், மறுபடி என் காதுக்கு வந்தது.

"ஏண்ணே," என்றார், "உங்க சட்டை பாதி உங்க பொண்ணு காதுல இருக்கு போலயே?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது அந்த அம்மா மெல்ல முந்தானையைத் தள்ளினார். இரண்டு காதிலும் ஈர்க்குச்சி.

"எல்லாருக்கும் இதே கஷ்டம், இதே சூசாதான் லா. உங்க வீட்டுல யாருக்கோ நல்ல மூளை இருக்கு. நானும் ஒண்ணு போட்டா எடுக்குமா?"

எங்களுக்குச் சிரிப்பு வந்ததைவிட வேகமாக அத்தை வந்தாள். அவர் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். "உங்களுக்குத் தாடை அகலம். வட்டம் ஆகாது. கொஞ்சம் நீளவாக்குல, கீழ கூரா இருக்கணும். தம்பி, இன்னும் ரெண்டு பொத்தான் குடு!" என்று அப்பாவிடம் கையை நீட்டினாள்.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தார். சின்ன வயதில் குத்திய காதுத் துளையைத் தொட்டுக்காட்டி, "எனக்கு எது எடுக்கும், பெரியம்மா?" என்றார்.

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு மொதல்ல சோறு எடுக்கணும்."

அவர் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது. நான் 'சரி' என்று முடிவு செய்தது அந்த நேரத்தில்தான். என்னை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த மாதமே தோட்டத்துக் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக் கல்யாணம் நடந்தது. வதந்தி பொய் என்று பிறகு தெரிந்தது. கல்யாணமானவர்களையும் பிடித்துப் போனார்கள். என் வீட்டுக்காரர் எப்படியோ தப்பினார்.

நான் பாக்கார் ஆராங்குக்குப் போன பிறகு அத்தை அடிக்கடி கடைக்கு வருவாள். விற்க அதிகம் ஒன்றும் இல்லாத கடை அது. உப்புக்கும் கருவாட்டுக்கும் வந்த பெண்களை நிறுத்தி முகம் பார்ப்பாள். ஒருநாள் பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க்காரர் கிராமத்திலிருந்து, வந்த பெண் ஒருத்தி தன் முகத்தைத் தொட்டுக்காட்டி ஏதோ கேட்டாள். அத்தைக்கு மலாய் வராது. கடை வாசல் மணலில் குந்தி உட்கார்ந்து, அவள் முகமாக ஒரு முட்டையை வரைந்து, அதன் இரு பக்கமும் எதைத் தொங்கவிடலாம் என்று வெகுநேரம் அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் எதிரே குந்திக்கொண்டு, தனக்குப் பிடிக்காததையெல்லாம் கையால் அழித்துக்கொண்டிருந்தாள்.