மடிப்பில் ஒட்டிய காந்தம்

சித்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் தணிகாசலத்தை நான் இன்றுவரை முழுசாக நம்பியதில்லை. நகரிப் பக்கத்தில் எங்கள் ஊர்தான் அவனுக்கும். அவன் நைனா எங்கள் நிலத்தில் கூலிக்கு வந்தவர். இவன் பதினைந்து வயதில் சென்னைக்குப் போய் இரும்பு வேலை கற்றுத் திரும்பியவன். கூலிக்காரர் மகன் எனக்கு வழி சொல்வதா என்ற நினைப்பும் உள்ளே இருந்தது, மறைக்க மாட்டேன்.

போன சீசனில் என் மகன் மோகன்ராஜின் சின்ன மாம்பழக் கூழ் யூனிட்டில், பழத்தைக் கூழாக்கும் மெஷினுக்குள் சுற்றுகிற தகடுகள் ஆறும் விரிசல் விட்டுவிட்டன. பழைய மெஷின், செய்த கம்பெனியே இப்போது இல்லை. வெளியே நான்கு லோடு மாம்பழம் கனிந்துகொண்டிருந்தது. மூன்று நாளைக்கு மேல் தாங்காது.

திருப்பதியில் ஒருவர், அச்சில் உருக்கி ஊற்றித் தருகிறேன், கெட்டியாக இருக்கும் என்றார். எனக்கு அதுதான் பிடித்தது. மோகன்ராஜ் கூப்பிட்டிருந்த தணிகாசலம் வேண்டாம் என்றான்.

"அச்சு கட்டவே பத்து நாள் ஆவும்மா. நூறு வேணும்னா ஊத்தலாம். ஆறுக்கு எதுக்கு?"

"அப்ப முழுக் கட்டியில கடைஞ்சி எடு."

"முக்காவாசி சீவலாப் பூடும். எவர்சில்வர் தகட்டை லேசர்ல வெட்டிக்கினு வந்து மடிச்சித் தர்றேன். நாளன்னிக்கு மெஷின் ஓடும்."

"மடிக்கறதுக்கு இது இன்னா அட்டைப் பெட்டியா?"

மோகன்ராஜ் என் பேச்சைக் கேட்கவில்லை. வேலையைத் தணிகாசலத்திடமே கொடுத்துவிட்டான்.

சொன்ன நாளில் தணிகாசலம் தகடுகளோடு வந்தான். காந்தம் வைத்துப் பார்க்காமல் நான் ஒரு டம்ளர்கூட வாங்கியவள் இல்லை. நல்ல எவர்சில்வரில் ஒட்டாது. ஒட்டினால் மட்டம், புளிப்பு பட்டதும் துருப்பிடிக்கும். கூழில் துரு இறங்கினால் அந்தச் சரக்கை யார் வாங்குவார்கள்?

சுருக்குப் பையிலிருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன். தகட்டின் நடுவில் ஒட்டவில்லை. மடிப்பில் மெல்ல இழுத்தது.

"மடிப்புல மட்டத்தைச் சேர்த்துட்டியா?"

அவன் கோபப்படவில்லை. அதே தகட்டில் மீந்த, மடிக்காத துண்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்தான். "இதுல வச்சிப் பாரும்மா."

எங்கே வைத்தும் ஒட்டவில்லை.

"மோகன், நீயே மடக்கு. நான் தொட்டா அம்மா நம்பாது."

மோகன்ராஜ் அதை வைஸ் இடுக்கியில் பிடித்துச் சுத்தியால் அடித்து மடக்கினான். மடங்கிய இடத்தில் காந்தம் மெல்ல ஒட்டியது.

"அடிச்சி மடக்குனா இப்படித்தான் இழுக்கும்மா. சரக்கு மாறல."

"யார் கண்டா?"

"எங்க நைனா எண்ணி வச்ச மூட்டையக்கூட நீங்க திரும்ப எண்ணுவீங்களாமே."

அது எனக்குச் சுருக்கென்றது. மெஷினில் மாட்டச் சொன்னேன். நான்கு லோடும் அழுகாமல் கூழாயிற்று.

ஆனால் அந்தத் துண்டை நான் விடவில்லை. கண்ணாடி பாட்டிலில் புளித்த கூழோடு போட்டு வைத்தேன். சீசன் முடிந்ததும் புளித்தண்ணீருக்கு மாற்றினேன். வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். வெட்டிய ஓரத்தில்கூட ஒரு புள்ளி இல்லை.

மோகன்ராஜ் சொல்லி இது தணிகாசலத்துக்கும் தெரியும். இந்த வருஷம் மெஷினைப் பார்க்க வந்தவன், "துண்டு எப்படி கீதும்மா?" என்று சிரித்தான்.

"இன்னும் ஊறிக்கினுதான் கீது" என்றேன்.