புளி போட்டுத் துலக்கிய தூண்டில் ரீல்கள்

சிவகாசியில் பழைய தூண்டில் ரீல் சேர்க்கிறவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். எங்கள் பக்கம் கண்மாயில் தண்ணீர் கிடப்பதே அபூர்வம். கிடந்தாலும், வற்றுகிற நேரம் பார்த்து ஊரே கூடையும் வலையுமாக இறங்கி அள்ளிவிடும். தூண்டில் போட்டுக் காத்திருக்கிற பொறுமையெல்லாம் எங்கள் ரத்தத்தில் கிடையாது. நானும் இதுவரை ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. எனக்கு வேண்டியது ரீல் மட்டும். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே பல்சக்கரம் 'டிக் டிக்' என்று பேசும். அந்தச் சத்தத்துக்கு மயங்கித் தூத்துக்குடி பழைய இரும்புக் கடைகளில் தவம் கிடந்திருக்கிறேன்.

"ரீல் விடுறவனப் பாத்திருக்கோம்லே, ரீல் வாங்குறவன இப்பத்தான் பாக்கோம்" என்பார்கள், என் அச்சகத்துக்கு வெடிக்கட்டு லேபிள் அடிக்க வரும் சிநேகிதர்கள். அதையெல்லாம் தட்டிவிட்டுப் போய்விடலாம். என் மனைவி ரீல்களை அடுக்கிய அலமாரிப் பக்கமே திரும்பியதில்லை என்பதுதான் எனக்குக் குறை. 'கருப்புச் சாமான்' என்று அவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

அந்தக் கருப்பில்தான் விஷயமே இருக்கிறது. பழைய பித்தளையில் காலம் ஏற்றிவைத்த நிறம் அது. அதைச் சுரண்டிவிட்டால் சேகரிக்கிறவர்கள் சீந்த மாட்டார்கள். என்னிடம் இருந்ததிலேயே உசத்தி, யாரோ ஒருவர் கையால் தட்டி அரத்தால் ராவிச் செய்த ஒரு ரீல். சக்கரத்தின் பற்கள்கூட ஒன்றுபோல் ஒன்று இருக்காது. வறுத்த வெந்தய நிறத்தில் கறுத்திருக்கும். கொச்சியில் என்னைப் போலவே இன்னொரு பைத்தியம் உண்டு. வீடியோவில் அதைப் பார்த்து அவர் உருகிப்போனார். அவரிடம் கையால் கடைந்த ஈட்டி மரத்து ரீல் ஒன்று இருந்தது. அதற்கு நான் பல நாளாக உருகிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வது என்று பேசி முடித்தோம். "அந்தக் கருப்பைத் தொடவே தொடாதீங்க சாரே" என்று போன் போட்டுப் போன் போட்டுச் சொன்னார். நான் தொடவில்லை.

ஆயுத பூஜை அன்று வருகிறேன் என்றார். காலண்டர் சீசனில் எங்கள் மெஷின்கள் நிற்பதே அன்றைக்குத்தான். காலையில் மெஷினைத் துடைத்துச் சந்தனம் வைக்கக் கிளம்பும்போது மனைவியிடம், "மத்தியானம் கொச்சிக்காரர் வாராரு. என் சாமானெல்லாம் எடுத்து வச்சிரு, பாக்க மரியாதையா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆயுத பூஜை அன்று எங்கள் ஊர்ப் பெண்ணிடம் பித்தளையை எடுத்து வை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உறைக்கவில்லை.

விருதுநகர் ஜங்ஷனில் போய் அவரை அழைத்து வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கண் கூசியது. சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மனை, கத்தரிக்கோல், மகளின் லேப்டாப், நடுவில் வாழையிலை. இலையில் வரிசையாக என் ரீல்கள். அத்தனையும் புளியும் செங்கல் தூளும் போட்டுத் துலக்கி, கல்யாண வீட்டுக் குத்துவிளக்குப் போல மின்னின. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். கைப்பிடிகளில் கதம்பம். வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பார்களே, அது எனக்கு அப்போதுதான் ஆரம்பித்தது.

"வாங்கண்ணே" என்று மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "விடிஞ்சதுல இருந்து இதே வேலைதான். என்னா அழுக்குங்கிறீக! பல்லு இடுக்குல தேங்கா நாரை விட்டுல்ல தேச்சேன்."

கொச்சிக்காரர் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு தரையில் உட்கார்ந்து, தனக்கென்று பேசி வைத்திருந்த அந்த ரீலை எடுத்துச் சுற்றினார். டிக் டிக் வரவில்லை. அம்மியில் மிளகாய் அரைபடுகிற சத்தம் வந்தது. இடுக்கிலிருந்து ஒரு புளிக்கோது எட்டிப் பார்த்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இலையையே தூக்கி வீசியிருப்பேன். ஆனால் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் நுனிகள் புளித்தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன, நகக்கண்ணில் செங்கல் சிவப்பு. திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன்.

அவர் பெரிய மனுஷர். சுண்டலும் பொரியும் வாங்கிச் சாப்பிட்டார். "சேச்சி நல்லா துலக்கியிருக்காங்க" என்றும் சொன்னார். வாசலில் வைத்து மெதுவாக, "மர ரீல் என்கூடவே இருக்கட்டும் சாரே" என்றார். பையைத் திறக்கவே இல்லை. அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

மனைவி இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ரீல்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவற்றைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை.

"பாத்தீகளா" என்றாள். "இம்புட்டு நாளும் கருப்பாக் கெடந்ததுனாலதான் ஒருத்தரும் மதிக்கல. இன்னைக்கு அந்த அண்ணனுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

"ஆமா" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்குந்தான்."